வழுக்கி விழுந்து இடுப்புல அடியா? உருவி விடுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. வயசான ஆளு வழுக்கி விழுந்து எந்திரிக்க முடியலன்னா ஒடனே நல்லெண்ணெயக் காய்ச்சி உருவி விடுறது, அப்புறம் "ஒண்ணுமில்ல, சதை பெரண்டுருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிரும்"னு யாராவது ஒரு மாமா சொல்றது, அதுக்கப்புறம் கட்டு போடுற வைத்தியர்கிட்ட தூக்கிட்டு போறது, எல்லாம் முடிஞ்சு கடைசியா தான் எக்ஸ்ரே. நான் பிசியோதெரபிஸ்ட், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் கீழக்கரை, பெரியபட்டினம்னு வீட்டுக்கு வீடு போயி ஆளுகள திரும்ப நடக்க வைக்கிறது தான் வேல. இந்த வரிசைய அப்டியே தலைகீழா மாத்தணும்னு சொல்லத்தான் எழுதுறேன். எக்ஸ்ரே மொதல்ல. எண்ணெய் கடைசில கூட வேணாம்.

ஏன் இவ்ளோ அவசரம்னா, தொடை எலும்போட மேல் நுனி ஒரு உருண்டை, அது இடுப்பு எலும்புல இருக்க கிண்ணத்துக்குள்ள உக்காந்து சுத்துது, அதத்தான் பந்து கிண்ணம்னு சொல்றோம். உருண்டைக்குக் கீழ ஒரு கழுத்து இருக்கு. உருண்டைக்குப் போற ரத்தத்துல பெரும்பகுதி அந்தக் கழுத்த ஒட்டி மேல ஏறுற சின்னச் சின்ன குழாய் வழியா தான் போகுது. கழுத்து ஒடஞ்சு நகந்துருச்சுன்னா அந்தக் குழாயும் பிஞ்சிரும். பனைமரத்துக்கு கொண்டைக்குக் கீழ வெட்டு விழுந்தா குருத்து பட்டுப்போகும்ல, வேர்ல எவ்ளோ தண்ணி இருந்தாலும் பிரயோஜனமில்ல, அதே கதி தான் உருண்டைக்கும். கழுத்துக்கும் கீழ, தொடையோட வெளிப்பக்கம் கையால தொட்டா தட்டுப்படுற மேடு இருக்குல்ல, அந்த எடத்துல ஒடஞ்சா ரத்த ஓட்டம் நல்லா இருக்குறதால எலும்பு சீக்கிரம் கூடிரும், ஆனா உள்ளுக்குள்ள ரத்தம் நெறைய கசியும், தொடை வீங்கி கருநீலமா ஆயிரும். ரெண்டையும் பொதுவா இடுப்பு எலும்பு ஒடஞ்சிருச்சுனு தான் சொல்றோம், ஆனா வைத்தியம் வேற வேற.

விழுந்த ஒடனே

படுத்த மேனிக்கே காலப் பாருங்க. அடிபட்ட கால் இன்னொரு கால விட கட்டையா தெரியும், பாதம் வெளிப்பக்கமா சாஞ்சு கெடக்கும், முட்டிய மடக்காம குதிகால தரையிலருந்து தூக்கச் சொன்னா தூக்க முடியாது, வலி கவட்டியில இருக்கும். இந்த நாலும் இருந்துச்சுன்னா ஒடஞ்சிருக்குனே வச்சுக்கோங்க, சந்தேகத்துக்கு எடமே வேணாம்.

இன்னொரு வகை இருக்கு, அது தான் ஆள ஏமாத்துறது. எலும்பு ஒடஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நின்னுக்கும், கால் கட்டையாகாது, அப்பத்தா செவத்தப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் நடந்துகூடப் போகும். "நடக்குதுல்ல, அப்ப ஒடையல"ங்கிற கணக்கு இங்க செல்லாது. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ ஒரு எட்டு வைக்கிறப்ப அது நழுவிரும், மூணு ஸ்க்ரூவுல முடிஞ்சிருக்க வேண்டியது பந்தையே மாத்துற அளவுக்குப் போயிரும். அதனால 60 வயசு தாண்டுன ஆளு விழுந்து கவட்டியில வலின்னு சொன்னா, நடந்தாலும் எக்ஸ்ரே எடுத்துருங்க.

தூக்குறது எப்டின்னு பாப்போம், ஏன்னா பாதி கேடு இங்க தான் நடக்குது. கக்கத்துல கைய விட்டு நிப்பாட்டிப் பாக்காதீங்க. கால இழுக்காதீங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி இல்லன்னா மடிச்ச போர்வைய வச்சு, முட்டிக்கு மேல ஒரு துண்டு, கணுக்கால்கிட்ட ஒரு துண்டுன்னு ரெண்டு காலையும் சேத்து லேசா கட்டுங்க, நல்ல கால் தான் ஒடஞ்ச காலுக்கு சிம்பு. விரலு மரத்துப்போற அளவுக்கு இறுக்கக் கூடாது. பலகை, பெஞ்சு, கழட்டுன கதவு, எது கெடைக்குதோ அதுல நாலு பேரா சேந்து ஒரே நேரத்துல தூக்கி வைங்க. 108க்கு அடிச்சா அவுகளே ஸ்ட்ரெச்சர் கொண்டு வருவாக, ஷேர் ஆட்டோவுல மடக்கி உக்கார வச்சு கொண்டு போற வேல மட்டும் வேணாம்.

வலிக்கு பாராசிட்டமால் குடுக்கலாம், வேற வலி மாத்திரை எதுவும் நீங்களா குடுக்காதீங்க, வயசானவுகளுக்கு கிட்னிய அடிச்சிரும். சோறு, இட்லி, டீனு எதுவும் குடுக்காம தொண்டைய நனைக்க கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க, டாக்டர் பாத்துட்டு ஆபரேஷன் எப்பன்னு சொன்னதும் சாப்பாடு பத்திக் கேட்டுக்கோங்க. ஆனா நாளைக்குத் தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கன்னா இன்னைக்கு பூரா பட்டினி போடாதீங்க, இதயும் நெறைய வீட்ல பண்றாக.

பையில போட வேண்டியது: வழக்கமா சாப்புடுற எல்லா மாத்திரை அட்டையும், பழைய இசிஜி, எக்கோ ரிப்போர்ட் இருந்தா அதுவும், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு கார்டு. இதுல ரொம்ப முக்கியம் ரத்தம் ஒறையாம இருக்க சாப்புடுற மாத்திரை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இப்டி ஏதாவது ஓடுதான்னு மொத டாக்டர்கிட்டயே சொல்லிருங்க, மயக்க மருந்து குடுக்குறவுக அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாக.

ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்துணியோட பிரகாரத்துல நடந்து வழுக்குறவுகளுக்கும் இதே முறை தான். வெளியூர்லருந்து வந்தவுக பாதி பேரு "ஊருக்குப் போயி பாத்துக்குறோம்"னு வலியோட ரயில் ஏறிர்றாக. அப்டி ஏறாதீங்க, மொதல்ல ராமேஸ்வரம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு அப்புறம் எங்க ஆபரேஷன்னு முடிவு பண்ணுங்க.

இளவட்டம் பைக்குல விழுந்தா

ஈசிஆர்ல, பாம்பன் ரோட்டுல வேகமாப் போயி அடிபடுறது, இல்ல கார்ல முன் சீட்டுல உக்காந்து முட்டி டேஷ்போர்டுல மோதுறது, இதுல பந்தே கிண்ணத்த விட்டு பின்னாடி வெளிய வந்துரும். இங்க கால் உள்பக்கமா திரும்பி முட்டி மடங்கி நிக்கும், வயசானவுக கால் வெளிய சாயிறதுக்கு நேர் எதிர். வெளிய வர்றப்ப உருண்டையில ஒரு துண்டு ஒடஞ்சும் போகலாம். இதுக்கு 6 மணி நேரக் கணக்கு இருக்கு, அதுக்குள்ள மயக்கம் குடுத்து பந்த உள்ள போட்டுரணும், தள்ளிப்போகப் போக உருண்டை பட்டுப்போற வாய்ப்பு ஏறிக்கிட்டே போகும். "நான் இழுத்து மாட்டி விடுறேன்"னு வர்ற ஆளுகள கிட்டயே விடாதீங்க, பின்னாடியே கால் நரம்பு ஓடுது, அது மாட்டுனா பாதத்த மேல தூக்க முடியாமப் போயிரும். உள்ள போட்டப்புறம் சிடி ஸ்கேன் எடுத்து கிண்ணத்துக்குள்ள எலும்புத் துண்டு சிக்கியிருக்கான்னு பாப்பாக, பெரிய துண்டுன்னா ஸ்க்ரூ போடுவாக. வலி போனதும் மறந்துராதீங்க, உருண்டை பட்டுப்போறது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட தெரியும், டாக்டர் சொல்ற தேதிக்கு போயி படம் எடுத்துக்கோங்க.

ரோடு விபத்துன்னா தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், 2021 டிசம்பர்லருந்து நடக்குது, திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. காசு பொரட்டணும்னு வீட்லயே உக்காந்து நேரத்த விட்டுறாதீங்க.

ஆஸ்பத்திரியில என்ன கேக்கணும்

எக்ஸ்ரேவுல ஒண்ணும் தெரியல, ஆனா கால ஊன முடியல, அப்டின்னா "நல்லாருக்கு, வீட்டுக்குப் போங்க"ன்னதும் கெளம்பிறாதீங்க. முடிக்கோடு மாதிரி விரிசல் எக்ஸ்ரேவுக்குத் தெரியாது, எம்ஆர்ஐல தான் தெரியும், எம்ஆர்ஐ இல்லாத எடத்துல சிடி. நீங்களே மரியாதையா கேளுங்க, கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாக.

ஒடஞ்சிருக்குனு ஆயிட்டா அடுத்த கேள்வி ஆபரேஷன் எப்ப. வயசானவுகளுக்கு 36லருந்து 48 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்ங்கிறது உலகம் பூரா வச்சிருக்க கணக்கு. சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, பிபி கொஞ்சம் ஏறியிருக்குங்கிறதுக்காக ஒரு வாரம் படுக்க வச்சு வெயிட் கட்டி வைக்கிறதுல லாபம் கம்மி. படுக்கையில கெடக்க கெடக்க முதுகுல புண்ணு, நெஞ்சுல சளி, யூரின் இன்ஃபெக்ஷன், கெண்டைக்கால்ல ரத்தம் ஒறஞ்சு அது நுரையீரலுக்குப் போறதுன்னு ஒண்ணு மேல ஒண்ணா வரும். இடுப்பு ஒடஞ்ச வயசானவுகள்ல அஞ்சுல ஒருத்தர், சில எடத்துல அதுக்கும் மேல, ஒரு வருஷத்துக்குள்ள தவறிர்றாகன்னு பல நாட்டு ஆய்வுலயும் வந்துருக்கு, எலும்பு ஒடஞ்சதால மட்டும் இல்ல, படுத்ததால வர்ற இந்த வகையறாவும் சேந்து தான். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், கத்தி வேணாம்"னு சொல்ற புள்ளைக இத நல்லா யோசிக்கணும். 85 வயசு அய்யாவுக்கு ஆபரேஷன் பண்றது ரிஸ்க் தான், பண்ணாம படுக்க வைக்கிறது அதவிட பெரிய ரிஸ்க். நெஞ்சு சுத்தமா தாங்காதுன்னு டாக்டரே கைய விரிச்சா மட்டும் தான் விதிவிலக்கு.

என்ன ஆபரேஷன்ங்கிறது ஒடஞ்ச எடம், வயசு, ரெண்டையும் வச்சு. இளவயசுன்னா, 50, 55 வரைக்கும், சொந்த உருண்டையக் காப்பாத்த தான் பாப்பாக, கழுத்துல மூணு ஸ்க்ரூ போட்டு எலும்ப சேப்பாக, ஆனா இது கூடாமப் போகலாம், கூடுனாலும் உருண்டை பட்டுப்போகலாம், அதனால பல வாரம் கால் ஊனாம இருந்து, ரெண்டு வருஷம் விடாம செக்கப் போகணும். வயசானவுகளுக்கு கழுத்து ஒடஞ்சு நகந்துருச்சுன்னா ஸ்க்ரூவ நம்ப மாட்டாக, உருண்டைய எடுத்துட்டு உலோகப் பந்து வைப்பாக, கிண்ணம் பழசே இருக்கும். ஒடையறதுக்கு முன்னாடி சந்தைக்கும் கோயிலுக்கும் தானா நடந்து போயிட்டு வந்த ஆளுன்னா கிண்ணத்தயும் சேத்து முழுசா மாத்துறது நல்லாருக்கும். கழுத்துக்குக் கீழ அந்த மேட்டுப்பக்கம் ஒடஞ்சா பந்துக்கு வேலையே இல்ல, உள்ள ராடு இல்லன்னா பிளேட் ஸ்க்ரூ.

என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு, கடலுக்குப் போறவுக தான் கேப்பாக, "உப்புத்தண்ணியில நிக்கிறேன், உள்ள இருக்க ராடு துருப்புடிச்சிராதா?" புடிக்காது. டைட்டானியம், துருப்புடிக்காத ஸ்டீல், கோபால்ட் குரோமியம், இதுல தான் செய்றாக, தோலுக்குள்ள இருக்கதுக்கு வெளிய இருக்க உப்பு ஒண்ணும் பண்ணாது. உங்க வீட்டு ஜன்னல் கம்பி கத வேற.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி, மறுநாள், சில பெரியவுக பேச்சு மாறிரும், செத்துப்போன தங்கச்சியக் கூப்புடுவாக, டியூபப் புடுங்குவாக, நர்ஸம்மாவத் திட்டுவாக. காத்து கருப்புனு பயந்துராதீங்க. வலி, தூக்கமில்லாதது, உப்புச்சத்து கொறையறது, யூரின் அடைச்சுக்கிறது, இப்டி ஏதோ ஒண்ணுல மூளை கொழம்பிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லுங்க, கண்ணாடி போடுறவுகன்னா கண்ணாடிய மாட்டி விடுங்க, தெரிஞ்ச மொகம் ஒண்ணு பக்கத்துல இருந்து இன்னைக்கு என்ன கெழமை, எங்க இருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருங்க. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிரும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

இது என் ஏரியா, கொஞ்சம் நீளமா தான் போகும்.

பந்து மாத்துன ஆளுன்னா மறுநாளே வாக்கர் புடிச்சு நிக்க வைப்போம், பயப்பட வேணாம். ஸ்க்ரூ போட்டவுகளுக்கு மட்டும் எவ்ளோ எடை ஊனலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்ததப் பாத்து தான். கட்டில்லருந்து எறக்குறது எப்டின்னா, முதுகுக்குப் பின்னாடி தலகாணி குடுத்து மொதல்ல உக்கார வச்சு ஒரு ரெண்டு நிமிஷம் தலை சுத்துதான்னு பாருங்க, ஆபரேஷன் பண்ண கால முட்டி மடங்காம நீட்டி, கட்டில் ஓரத்துக்கு நகட்டி, நல்ல கால தரையில ஊனி, கைய கட்டில்ல அமுக்கி எந்திரிக்கச் சொல்லுங்க. வாக்கரப் புடிச்சு இழுத்து எந்திரிக்க விடாதீங்க, வாக்கரோட சேந்து கவுந்துருவாக. நடக்குறப்ப வாக்கர் மொதல்ல, அப்புறம் அடிபட்ட கால், அப்புறம் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னாடி, எறங்கும்போது அடிபட்ட கால் முன்னாடி. வாக்கர விட்டு குச்சிக்கு மாறுறப்ப குச்சிய எந்தக் கையில புடிக்கணும்னு கேட்டா பத்துல எட்டு வீட்ல தப்பாத்தான் சொல்வாக: வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில. வலது இடுப்புல ஆபரேஷன்னா குச்சி இடது கையில.

நம்ம ஊர்ல ஒரு தனிப் பிரச்சனை மணலு. வாசல் பூரா மணலா இருக்க வீட்ல வாக்கரோட நாலு காலும் உள்ள பொதஞ்சிரும், ஒரு கால் மட்டும் அதிகமா எறங்குனா ஆளே சாஞ்சிரும். வாசல்லருந்து ரோடு வரைக்கும் பலகையோ சிமெண்ட் சிலாப்போ வரிசையா போட்டு வைங்க, இல்லன்னா சிமெண்ட் ரோட்டுலயோ சர்ச் தாவாரத்துலயோ நடக்கப் பழக்குங்க. வாக்கர் அடியில இருக்க ரப்பர் தேஞ்சிருந்தா மாத்திருங்க, கெடைக்கிறது சுலபம், வெலையும் கம்மி தான். ஓலை வீட்டு வாசப்படி தணிவா இருந்தா குனிஞ்சு நொழையணும், பந்து மாத்துனவுகளுக்கு அந்தக் குனியல் ஆகாது, மொத மூணு மாசம் ஒசரமான வாசல் இருக்க வீட்ல, மக வீடோ கொழுந்தியா வீடோ, அங்க வச்சுக்கிறது நல்லது.

இடுப்பு 90 டிகிரிக்கு மேல மடங்கக் கூடாதுன்னு சொல்லுவோம், அதுக்கு சுலபமான அளவு, உக்காந்தா முட்டி இடுப்ப விட ஒசரமா இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் சேர் தணிவா இருந்தா ரெண்டு சேர ஒண்ணு மேல ஒண்ணா போட்டு உக்கார வைங்க. கயித்துக்கட்டில் வேணவே வேணாம், குழி விழுந்து இடுப்பு மடங்கும், பலகைக் கட்டில் காலுக்கு அடியில செங்கல் வச்சு ஒசத்துங்க. காலுக்கு மேல கால் போடக் கூடாது, சம்மணம் கூடாது, குந்த வைக்கக் கூடாது, தரையில உக்காந்து வலை பின்றதும் மீன் ஆயிறதும் அப்புறமா பாத்துக்கலாம். படுக்குறப்ப ரெண்டு தொடைக்கும் நடுவுல தலகாணி. நடுவுல ஓட்டை போட்ட கமோட் சேர் வாங்கி நம்ம கக்கூஸ் மேலயே போட்டுக்கலாம், வீட்ட இடிக்க வேண்டியதில்ல. தொழுகைக்கு சேர்ல உக்காந்து பண்ணிக்கலாம், வாப்பா "சுஜூது (நெத்திய தரையில வைக்கிறது) போகாம எப்டி"ன்னு அடம் புடிச்சா பள்ளிவாசல் ஹஜ்ரத்த விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, என் பேச்ச விட அந்தப் பேச்சு எடுபடும். இந்தத் தடையெல்லாம் எவ்ளோ நாள்ங்கிறது எந்தப் பக்கமா அறுத்து உள்ள போனாகங்கிறதப் பொறுத்து மாறும், உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பயிற்சின்னு பெருசா ஒண்ணுமில்ல, படுத்த எடத்துலயே பாதத்த மேலயும் கீழயும் ஆட்டுறது, முட்டிக்கு அடியில சுருட்டுன துண்டு வச்சு அமுக்குறது, பின்தட்ட இறுக்கிப் பத்து எண்றது, குதிகால படுக்கையில உரசிக்கிட்டே மடக்கி நீட்டுறது. மணிக்கு ஒருக்கா பத்துப் பத்து தடவ. ஒரே மூச்சுல நூறு பண்ணிட்டு மூணு நாள் படுத்துக்கிறவுகளால தான் எனக்குத் தலைவலி. வீட்டுக்கு ஆளு வேணும்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாக, 2021 ஆகஸ்ட்லருந்து இருக்கு, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க.

ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்பன்னா: ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்குனா நெஞ்சு வலிச்சா, தையல் போட்ட எடம் செவந்து சீழ் வச்சா, காய்ச்சல் வந்தா, "டக்"குனு சத்தம் கேட்டு கால் கட்டையாயி திரும்பிக்கிட்டா. கெண்டைக்கால் வீங்குனா உருவி விடவே கூடாது, ஒறஞ்ச ரத்தம் பேந்து நுரையீரலுக்குப் போயிரும்.

விழாமலே கவட்டி வலிச்சா

35, 40 வயசு ஆம்பளைக, எந்த அடியும் படல, கவட்டியில வலி, உக்காந்து எந்திரிச்சா புடிக்குது, லுங்கிய மடிச்சுக் கட்டி சம்மணம் போட முடியல, கால அகட்டி வண்டியில ஏற முடியல. வாயுப் புடிப்புன்னு மாசக்கணக்குல ஊசி போட்டுக்கிட்டே இருப்பாக. இது ஏவிஎன்னா இருக்கலாம், உருண்டைக்கு ரத்தம் போகாம எலும்பு பட்டுப்போறது. முக்கியக் காரணம் ரெண்டு, சாராயம், ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு, தோலுக்கு, கிட்னிக்குனு டாக்டர் குடுக்குற ஸ்டீராய்ட நீங்களா நிறுத்திறாதீங்க, அது வேற ஆபத்து. நான் சொல்றது சந்தையில "மூட்டு வலிக்கு ஒரே பொடி"னு விக்கிறத, அதுல பலதுல ஸ்டீராய்டு கலந்துருக்கும், அதனால தான் ரெண்டே நாள்ல வலி பறக்குது.

மூணாவது காரணம் நம்ம கடக்கரைக்கே உள்ளது. காம்ப்ரசர் ஓஸ் வாயில வச்சு சங்கு குளிக்கிறவுக. ஆழத்துல அழுத்தக் காத்த இழுக்குறப்ப நைட்ரஜன் ஒடம்புக்குள்ள கரையுது, விறுவிறுன்னு மேல வந்தா அது கொமிழி கொமிழியா பிரியுது, சோடா பாட்டில தொறந்தா பொங்குறது தான். அந்தக் கொமிழி எலும்புக்குள்ள இருக்க ரத்தக்குழாய அடச்சிரும். அன்னைக்கு ராத்திரி தோள்லயும் இடுப்புலயும் கொடைச்சல் எடுக்கும், ரெண்டு நாள்ல போயிரும், ஆனா பட்டுப்போன உருண்டை மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல கழிச்சுத் தான் நொறுங்கும். தண்ணியவிட்டு வந்து கொடைச்சல் எடுத்தா சாராயம் ஊத்துறதும் மறுபடி குதிக்கிறதும் வேணாம், ஆக்ஸிஜன் குடுக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, "காம்ப்ரசர்ல குளிச்சேன்"னு வாயத் தொறந்து சொல்லுங்க, சொல்லலன்னா டாக்டருக்கு எப்டித் தெரியும். மூச்சப் புடிச்சு முங்கி பாசி எடுக்குற அக்காமாருக்கு இந்த ஆபத்து ரொம்பக் கம்மி, அவுக வலிக்கு பெரும்பாலும் வேற காரணம் இருக்கும்.

ஆரம்பத்துல எக்ஸ்ரே சுத்தமா இருக்கும், எம்ஆர்ஐல தான் தெரியும், ரெண்டு இடுப்பையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க, அடிபடாம வர்ற ஏவிஎன் பாதிப் பேருக்கு மேல ரெண்டு பக்கமும் வருது. உருண்டை அமுங்குறதுக்கு முன்னாடி புடிச்சா துளை போட்டு உள்ள இருக்க அழுத்தத்தக் கொறைக்கிற ஆபரேஷன் இருக்கு, சில பேருக்கு பல வருஷம் தள்ளிப்போகும். அமுங்கிட்டா அதுக்கப்புறம் துளை போட்டு லாபமில்ல, பந்து கிண்ணம் மாத்துறது தான். மாத்துனது எவ்ளோ நாள் ஒழைக்கும்னா, 2019ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல பாதிக்கு மேல 25 வருஷம் தாக்குப்புடிச்சிருக்கு. இது அவசர ஆபரேஷன் கெடையாது, நாள் பாத்துப் பண்ணலாம். விசைப்படகுக்குப் போறவுக ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் வருதுல்ல, அந்த 61 நாள ஒட்டி தேதி வாங்கிட்டா வருமானம் போகாம ஓய்வு கெடைக்கும். ஆனா தடை முடிஞ்ச மறுநாளே வலை இழுக்கப் போறது டாக்டர் சொன்னா மட்டும் தான்.

சின்னப் புள்ளைக விசயம் ஒண்ணு சொல்லிர்றேன். புள்ள முட்டி வலிக்குதுன்னு நொண்டும், முட்டிய எக்ஸ்ரே எடுத்தா ஒண்ணுமிருக்காது, கோளாறு இடுப்புல. 4லருந்து 8 வயசு ஆம்பளப் புள்ளன்னா பெர்த்தஸ்ங்கிற நோயா இருக்கலாம், உருண்டைக்கு ரத்தம் கொறஞ்சு மெத்துன்னு ஆயிரும். 10லருந்து 16 வயசுல கொஞ்சம் குண்டான புள்ளன்னா உருண்டை கழுத்துலருந்து சறுக்கியிருக்கலாம், அன்னைக்கே நடக்குறத நிறுத்தித் தூக்கிட்டுப் போகணும், ஒரு ஸ்க்ரூவுல நின்னுரும். காய்ச்சலோட கால அசைக்க விடாம அழுதா மூட்டுக்குள்ள சீழ், விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

காசும் மாத்திரையும்

முதலமைச்சர் காப்பீட்டுல பந்து கிண்ண ஆபரேஷன் வருது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். கார்டு இல்லன்னா விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துக்குப் போங்க. ஆள் விழுகுறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிட்டா அலைச்சல் மிச்சம். 2022லருந்து ராமநாதபுரத்துலயே கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கு, எல்லாத்துக்கும் மதுரைக்கு ஓடணும்னு இல்ல.

ஒரு தடவ ஒடஞ்ச ஆளுக்கு இன்னொரு பக்கமும் ஒடையற வாய்ப்பு அதிகம், ஆனா எலும்பு மெலிவுக்கு மருந்து எழுதி வாங்கிட்டு வர்ற வீடு ரொம்பக் கம்மி. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இதக் கேளுங்க. வாரம் ஒரு மாத்திரை அலெண்ட்ரோனேட் 70 மி.கி., இல்லன்னா வருஷத்துக்கு ஒரு ஊசி சோலெட்ரோனிக் ஆசிட், எது ஒத்துக்கும்னு கிட்னியப் பாத்து டாக்டர் சொல்வாரு. கால்சியத்துக்கு கேப்பக்கூழ், மோரு, முள்ளோட மென்னு தின்ற நெத்திலி. வெயில் கொட்டுற ஊரா இருந்தாலும் வீட்டுக்குள்ளயே இருக்க அப்பத்தா, நன்னிமாருக்கு விட்டமின் டி கொறஞ்சு தான் இருக்கும், டெஸ்ட் பண்ணிக்கோங்க. அந்த வார மாத்திரைய காலைல வெறும் வயித்துல ஒரு முழு டம்ளர் தண்ணியோட, டீயோ காப்பியோ கூடாது, முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காம உக்காந்தோ நின்னோ இருக்கணும், இல்லன்னா தொண்டைக்குழாய் புண்ணாயிரும். பல்லு புடுங்க வேண்டியது ஏதாவது இருந்தா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அத முடிச்சிருங்க.